மேரி அன்டாய்னெட்டை மக்கள் அவ்வளவு வெறுத்தது எதனால்?

பொன்னிவாசகி

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவள், "ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும் என்று சொன்னதற்காகவா அம்மா ராணியின் தலையை வெட்டினார்கள்?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லவும் விவரம் போதவில்லை. நானே படிக்க உட்கார்ந்தேன், குழப்பம்தான் கூடியது.

அந்த நாட்டில் ராணிக்கு ஆட்சி அதிகாரம் கிடையாது. வரி போட்டதும் போருக்குப் போனதும் ராஜாவும் மந்திரிகளும். அப்படியிருக்க, புரட்சிக்குப் பல ஆண்டுகள் முன்பே ராஜாவை "நல்ல மனிதர், பாவம்" என்கிறார்கள், ராணியின் பெயரைக் கேட்டால் காறித் துப்புகிறார்கள். 1773இல் அவள் முதன்முறையாகப் பாரிசுக்குள் வந்தபோது இதே மக்கள்தான் தெருவை அடைத்துக்கொண்டு ஆரவாரம் செய்திருக்கிறார்கள். 1785இல் இரண்டாவது மகன் பிறந்து, நன்றி வழிபாட்டுக்காக மறுபடி வருகிறாள். கூட்டம் வாயே திறக்கவில்லை. இடைப்பட்ட 12 ஆண்டுகளில் என்ன நடந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாவடிக்காரன்

இதில் ஆராய என்ன இருக்கிறது அம்மா? 1788 ஜூலையில் ஆலங்கட்டி மழை அடித்து விளைச்சல் போயிற்று. வழக்கமாக 8, 9 சூவுக்கு (அன்றைய பிரெஞ்சுக் காசு, 20 சூ ஒரு லீவ்ர்) விற்ற நான்கு பவுண்டு ரொட்டி 1789 ஜூலையில் பாரிசில் 14 சூவைத் தாண்டியது. கூலிக்காரனின் ஒருநாள் சம்பளமே 20 முதல் 30 சூ. அவன் வீட்டு அடுப்பு அணைந்து கிடக்கும்போது அங்கே ஒருத்தி மூன்றடி உயரத்துக்குக் கொண்டை போட்டுக்கொண்டு விடியவிடியச் சீட்டாடுகிறாள். வெறுப்பு வராமல் பாசமா வரும்? பசிக்கு மேல் ஒரு வரலாற்றுப் பின்னணி தேவையில்லை.

புதுவை_பழையவன்

சாவடிக்காரரே, நீங்கள் சொல்லும் ரொட்டிக் கணக்கு சரி. ஆனால் அது 1789ஆம் ஆண்டுக் கணக்கு. வாசகி அம்மா கேட்டது 1785ஐப் பற்றி. பஞ்சம் வருவதற்கு முன்பே வாய் மூடிக்கொண்ட கூட்டத்தைப் பற்றி.

முதலில் அந்தக் கேக்கை ஓரமாக வைத்துவிடுவோம். அது கேக்கும் இல்லை, பிரியோஷ் என்ற வெண்ணெயும் முட்டையும் சேர்த்த ரொட்டி. "ஒரு பெரிய இளவரசி" அப்படிச் சொன்னதாக ரூசோ தன் வாழ்க்கைக் கதையில் எழுதுகிறார். பெயர் சொல்லவில்லை. அதை அவர் எழுதிய 1760களில் நம் ஆள் ஆஸ்திரிய இளவரசி, வியன்னாவில் பாவாடை கட்டிய சிறுமி. பிரான்சை அவள் பார்த்ததே 1770இல்தான்.

(பள்ளிப் புத்தகத்தின் உச்சரிப்பை விட்டுவிடுங்கள். எங்கள் ஊரில் மரி அந்துவானெத் என்போம். அப்படியே எழுதுகிறேன்.)

இனி வெறுப்பின் வேர். அவள் பிறந்தது 1755 நவம்பர் 2. அன்றைக்கு ஆஸ்திரியாவும் பிரான்சும் இரண்டு நூற்றாண்டுக்கு மேலான பரம்பரைப் பகையாளிகள். அடுத்த ஆண்டே, 1756 மே மாதம், இரண்டும் வெர்சாயில் ஒப்பந்தம் போட்டுக் கூட்டாளிகளாகிவிட்டன. ஐரோப்பாவே வாயைப் பிளந்தது. பிரெஞ்சுப் படையதிகாரிகளுக்கு இது தொண்டையில் சிக்கிய முள். அப்பனும் பாட்டனும் யாரோடு சண்டை போட்டுச் செத்தார்களோ அவர்களோடு கைகுலுக்கச் சொன்னால்?

போகட்டும், லாபமாவது வந்ததா என்றால் அதுவும் இல்லை. உடனே ஏழாண்டுப் போர். ஆஸ்திரியாவுக்காகப் பிரஷ்யாவோடு மோதப் போய் 1757இல் ராஸ்பாக்கில் பிரெஞ்சுப் படை சிதறி ஓடியது. மறுபக்கம் கடல் கடந்த இடங்களில் ஆங்கிலேயன் புகுந்து விளையாடினான். கனடா போயிற்று. 1760 ஜனவரி 22 அன்று நம் வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படையை ஆங்கிலத் தளபதி அயர் கூட் முறியடித்தான். மறுவருடம் ஜனவரியில் புதுச்சேரியும் விழுந்தது. வெள்ளைக்காரன் நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கினான். சமாதானத்துக்குப் பிறகு ஊர் திரும்பக் கிடைத்தது, கோட்டையும் செல்வாக்கும் கிடைக்கவில்லை. தோல்விக்கு ஒருவனைப் பலி கொடுக்க வேண்டுமே, 1766இல் பாரிசில் லாலியின் தலையை வெட்டினார்கள். எங்கள் கடற்கரையில் காலை நடை போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அந்தச் சிறுமியின் கல்யாணக் கதை வந்தவாசிப் பொட்டலைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது.

பிரான்சில் பலரும் என்ன முடிவுக்கு வந்தார்கள்? ஆஸ்திரியக் கூட்டால்தான் இந்த நாசம் என்று. அந்தக் கூட்டைக் கெட்டிப்படுத்தத்தான் மந்திரி ஷுவாசேல் 14 வயதுப் பெண்ணை வியன்னாவிலிருந்து கொண்டுவந்தார். அவள் வண்டி எல்லையைத் தாண்டும் முன்பே, மாப்பிள்ளையின் அத்தை அதெலாயித் அவளை "அந்த ஆஸ்திரியக்காரி" என்று சொல்லிவிட்டாள். பிரெஞ்சில் அந்தச் சொல்லின் வாலைத் தனியாக உச்சரித்தால் பெட்டை நாய் என்று பொருள் வரும். 23 ஆண்டுகள் கழித்துக் கொலைமேடை வரை கூடவே வந்த பட்டப்பெயர் அது. சூட்டியது ரொட்டி இல்லாதவன் அல்ல, அரண்மனைக்குள் இருந்த ராஜகுமாரி.

மாதுளை

பழையவன் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். மணமகள் காலடி வைத்த நேரம் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதுவும் நடந்திருக்கிறது. அவள் பிறப்பதற்கு முந்தின நாள் லிஸ்பன் நகரம் பூகம்பத்தில் அழிந்தது. போர்ச்சுகல் ராஜாவும் ராணியும்தான் அவளுக்கு ஞானப் பெற்றோர். கல்யாணத்தைக் கொண்டாட 1770 மே 30 அன்று பாரிசில் வாணவேடிக்கை. கூட்ட நெரிசலில் 132 பேர் மிதிபட்டுச் செத்தார்கள். நடந்த இடம் பதினைந்தாம் லூயி சதுக்கம். பின்னாளில் புரட்சிச் சதுக்கம் என்று பெயர் மாற்றி, அவள் புருஷனையும் அவளையும் கொன்றது அதே இடத்தில்.

ஆனால் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. ஏழு ஆண்டுகள் அந்தத் தம்பதியர் தம்பதியராக வாழவில்லை. குறை எங்கே என்று அரண்மனைக்கே தெரியும், ஐரோப்பியத் தூதர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். 1777இல் அண்ணன், பேரரசர் ஜோசப், நேரில் வந்து தங்கையின் கணவனிடம் உட்கார்ந்து பேசிய பிறகுதான் நிலைமை மாறியது. 1778 டிசம்பரில் முதல் குழந்தை, அதுவும் பெண். அதற்குள் 1775இல் இளைய கொழுந்தன் மனைவிக்கு மகன் பிறந்துவிட்டான். அன்றைக்குப் பாரிசுச் சந்தையின் மீன்காரப் பெண்கள் இவள் அறைவாசல் வரை பின்தொடர்ந்து வந்து, நீ எப்போது பெற்றுத் தரப்போகிறாய் என்று கூச்சலிட்டார்கள். இவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறாள். பணிப்பெண் கம்பான் அம்மையார் எழுதி வைத்திருக்கிறார். மலடி என்ற பேச்சு நம் ஊரில் ஒரு பெண்ணை எப்படிக் கொத்தும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

பிள்ளை இல்லாதபோது மலடி என்றவர்கள், பிள்ளை பிறந்ததும் அப்பன் யார் என்று கேட்டார்கள்.

இன்னொரு விந்தை. பிரெஞ்சு ராஜாக்களுக்கு ஆசைநாயகி இருப்பது ஊரறிந்த வழக்கம். ஜனங்களின் வசையெல்லாம் அவளுக்குத்தான் போகும். பதினைந்தாம் லூயி காலத்தில் பாம்பதூர் வாங்கிக் கட்டிக்கொண்டாள், பிறகு துபாரி. மனைவி மரி லெசின்ஸ்கா ஒரு மூலையில் ஜெபமாலை உருட்டிக்கொண்டு நல்ல பெயரோடு செத்தாள். பதினாறாம் லூயி ஒழுக்கமானவர், ஆசைநாயகி வைத்துக்கொள்ளவில்லை. நகை, உடை, செல்வாக்கு, சிபாரிசு என்று அந்த நாற்காலிக்குரிய வசையெல்லாம் வேறு ஆள் இல்லாததால் மனைவி தலையில் வந்து விழுந்தது. கணவனின் நல்லொழுக்கம் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு கேடு செய்து நான் படித்ததில்லை.

சாவடிக்காரன்

> வசையெல்லாம் வேறு ஆள் இல்லாததால் மனைவி தலையில் வந்து விழுந்தது

ஆகா. அடுத்து அவளுக்குக் கோயில் கட்டிவிடுவீர்கள் போலிருக்கிறது. 1785ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் உடைக்கு 2,58,000 லீவ்ர் செலவழித்திருக்கிறாள். அவளுக்கு ஒதுக்கியதே 1,20,000. தனக்கென்று சின்ன அரண்மனை, அதன் பக்கத்தில் விளையாட்டுக்கு ஒரு கிராமம், அங்கே சலவை செய்து நாடா கட்டிய பசுக்கள். பற்றாக்குறை அம்மணி என்று ஜனங்கள் சும்மா பெயர் வைக்கவில்லை. கஜானாவைக் காலி செய்தவளுக்கு வக்காலத்து வாங்குவதற்கு ஒரு எல்லை வேண்டும்.

கணக்கப்பிள்ளை

கஜானா என்ற சொல் வந்ததால் உள்ளே வருகிறேன். நாற்பது ஆண்டுகள் பேரேடு பார்த்தவன். பசுவுக்கு நாடா கட்டியதற்கு என்னிடம் வவுச்சர் இல்லை. மற்றதைப் பார்ப்போம்.

1788ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசின் செலவு சுமார் 63 கோடி லீவ்ர். அதில் கடனுக்கும் வட்டிக்கும் மட்டும் ஏறக்குறைய 32 கோடி, அதாவது பாதி. அரண்மனைச் செலவு முழுவதும், ராஜா, ராணி, தம்பிமார், அத்தைமார், குதிரை, நாய், சமையல்காரன் எல்லாம் சேர்த்து, மூன்றரைக் கோடிக்குச் சற்று மேல். நூற்றுக்கு ஆறு. அவள் கோணியைக் கட்டிக்கொண்டு கூழ் குடித்திருந்தாலும் அந்தக் கஜானா திவாலாகியே இருக்கும். காலி செய்தது அமெரிக்கச் சுதந்திரப் போர். ஆங்கிலேயனைப் பழிவாங்க 100 கோடி லீவ்ருக்கு மேல், அதுவும் பெரும்பாலும் கடன் வாங்கி, அங்கே கொட்டினார்கள். நிதியைப் பார்த்துக்கொண்ட நெக்கர் 1781இல் கணக்கை அச்சிட்டு வெளியிட்டார். அதில் போர்ச் செலவைச் சேர்க்காமல் உபரி காட்டினார்! அரண்மனை மானியங்களை மட்டும் விவரமாகப் போட்டார். ஜனங்கள் வாழ்க்கையில் முதன்முறையாக அரசாங்கக் கணக்கைப் பார்க்கிறார்கள். கண்ணில் பட்டது போர் இல்லை, மானியம். உபரியாக இருந்த கஜானா ஆறே ஆண்டுகளில் காலி என்று 1787இல் நிதி மந்திரி கலோன் வந்து சொன்னபோது, யார் தின்றது என்று கேட்கமாட்டார்களா?

ஒரு கொசுறு. 1788 ஆகஸ்ட் 10 அன்று திப்பு சுல்தானின் தூதர்களை வெர்சாயில் கோலாகலமாக வரவேற்றார்கள். புதுச்சேரியில் கப்பல் ஏறிப் போன கூட்டம், ஆங்கிலேயனுக்கு எதிராகப் படை கேட்க. ஆறே நாள் கழித்து, ஆகஸ்ட் 16 அன்று, அரசு தன் கடன்களுக்கு ரொக்கம் கொடுப்பதை நிறுத்தியது. படை எங்கிருந்து வரும்?

ஆனால் சாவடிக்காரர் தரப்பிலும் ஒரு வரவு இருக்கிறது, மறைக்கக்கூடாது. பொலின்யாக் சீமாட்டி என்ற தோழிக்கும் அவள் குடும்பத்துக்கும் ராணி வாங்கிக் கொடுத்த பதவிகளும் மானியங்களும் ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் லீவ்ர் என்று ஆஸ்திரியத் தூதர் மெர்சியே அங்கலாய்த்திருக்கிறார். கூலிக்காரன் ஒருவன் ஆண்டு முழுக்க உழைத்தால் 400 லீவ்ரைத் தொடமாட்டான். நாட்டுக் கணக்கில் 5 லட்சம் தூசு. பார்ப்பவன் கண்ணில் விழுந்த தூசு.

புதுவை_பழையவன்

கணக்கப்பிள்ளை, அந்தப் பொலின்யாக் விவகாரத்தில் பணத்தைவிடக் கசந்தது இடம். வெர்சாயில் ராணிக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பதுகூட ஒரு பிரபுக் குலத்தின் உரிமை. கதவுக்கு அந்தப் பக்கம் யார் நிற்கலாம், யார் நாற்காலியில் உட்காரலாம், யார் முக்காலியில் என்று ஒவ்வொன்றும் தலைமுறை தலைமுறையாக வந்த சொத்து. இந்தப் பெண் அதையெல்லாம் தொல்லை என்று தள்ளிவிட்டுச் சின்ன திரியனோன் மாளிகைக்குப் போய், பிடித்த நாலைந்து பேரோடு இருந்துகொண்டாள். கணவரே அங்கே விருந்தாளி போலத்தான் வருவார். அழைப்பு இல்லாத பெரிய வீட்டுச் சீமாட்டிகள் வெளியே நின்று என்ன பேசியிருப்பார்கள்? உள்ளே ஏதோ நடக்கிறது என்றுதான்.

அந்த மாளிகையின் அறிவிப்புகளில் "ராணியின் ஆணைப்படி" என்று போட்டாள். 1785இல் சேன் குளூ அரண்மனையை அவள் பெயரிலேயே வாங்கினார்கள், அங்கும் அதே வாசகம். பெண்ணுக்குப் பட்டமே கிடையாது என்ற நாட்டில் ராணிக்குத் தனிச் சொத்து! பாரிசு நீதிமன்றத்தாருக்கு அது பொறுக்கவில்லை.

மாதுளை

நல்ல இடத்தில் நிறுத்தினீர்கள் ஐயா. உடையைப் பற்றி நான் சொல்லிவிடுகிறேன். பட்டு உடுத்தி, தலையில் கோபுரம் கட்டிக்கொண்டபோது ஊதாரி என்றார்கள். சரி என்று 30 வயது நெருங்கும்போது எளிமைக்கு மாறினாள். வெள்ளை மஸ்லின் அங்கி, வைக்கோல் தொப்பி. 1783இல் விஜே லபிரன் என்ற பெண் ஓவியர் அந்தக் கோலத்தில் அவளை வரைந்து பொதுக் கண்காட்சியில் வைத்தார். ராணி உள்ளாடையோடு நிற்கிறாள் என்று ஒரே கூச்சல்! அந்நிய நாட்டுப் பருத்தியைக் கட்டிக்கொண்டு லியோன் நகரப் பட்டு நெசவாளர் வயிற்றில் அடிக்கிறாள் என்று இன்னொரு கூச்சல். படத்தை எடுத்துவிட்டு, பட்டு உடையில் வேறு படம் வைக்க வேண்டியதாயிற்று. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

பிறந்தவீட்டுக்கு அள்ளிக் கொடுக்கிறாள் என்ற பேச்சும் உண்டு. 1785இல் ஜோசப்புக்கும் டச்சுக்காரர்களுக்கும் இடையே ஒரு நதித் தகராறு. டச்சுக்காரர்கள் ஜோசப்புக்குக் கொடுக்கவேண்டிய ஈட்டுத் தொகையில் ஒரு பங்கைப் பிரான்சு ஏற்றுக்கொண்டது. ராணி வண்டி வண்டியாகத் தங்கத்தை அண்ணனுக்கு அனுப்புகிறாள் என்று முச்சந்தியில் பேசினார்கள். இந்தக் குற்றச்சாட்டு 1793 விசாரணையிலும் வந்தது.

வடலி

நான் நீண்ட நாள் வாசகன், முதல் பதிவு. அவளைப் பற்றிய ஆபாசத் துண்டுப் பிரசுரங்கள் ஏராளம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவற்றை யார் எழுதினார்கள்? அச்சிடுவதற்குக் காசு யார் கொடுத்தது? முடிந்தால் ஒன்றிரண்டை மொழிபெயர்த்துப் போடுங்களேன்.

நெறியாளர்

வடலி, வரவேற்கிறோம். அவற்றின் உள்ளடக்கத்தை இங்கே இடவேண்டாம், பள்ளி மாணவர்களும் படிக்கும் இடம். யார், ஏன், எப்படி என்பதைப் பேசுங்கள்.

புதுவை_பழையவன்

நெறியாளர் சொன்னது சரி. இழப்பும் பெரிதில்லை, பத்துப் பக்கம் படித்தால் சலித்துவிடும்.

ராணியைக் கிழிக்கும் இலக்கியம் இவளுக்காகத் தொடங்கியது அல்ல. 1648 முதல் 1653 வரை நடந்த கலகத்தில், பதினான்காம் லூயியின் தாய் ஆனையும் மந்திரி மசரானையும் திட்டி ஆயிரக்கணக்கில் பிரசுரங்கள் வந்தன. அதற்கு முன்னால் கேத்தரின் தெ மெதிசியை "இத்தாலியக்காரி" என்று திட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ராணி, படுக்கை, சூனியம், விஷம், எல்லாம் தயாராக இருந்த அச்சு. பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

எழுதியவர்கள் பலர். சரக்கு கிளம்பிய இடம் அரண்மனை. 1781 அக்டோபரில் முதல் மகன் பிறக்கும் வரை அடுத்த பட்டம் யாருக்கு? மூத்த கொழுந்தன் புரொவான்ஸ் கோமகனுக்கு. ராணிக்குப் பிள்ளை பிறந்தாலும் அது ராஜாவின் பிள்ளை இல்லை என்று ஊர் நம்புவதில் யாருக்கு ஆதாயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ராஜாவின் உறவினரான ஓர்லேயான் கோமகனும் அவளுக்கு ஆகாதவர். அவருடைய பலே ருவயால் வளாகத்துக்குள் போலீஸ் நுழைய முடியாது. புத்தகக் கடையும் காப்பிக் கடையும் அங்கே அமோகம். அரண்மனை நடைக்கூடத்தில் முணுமுணுத்தது இரண்டு நாளில் அங்கே பாட்டாக வரும், லண்டனிலோ ஆம்ஸ்டர்டாமிலோ அச்சாகி மூட்டையில் திரும்பி வரும்.

அரசு செய்த மடத்தனம் என்னவென்றால், பதிப்பை மொத்தமாக விலைக்கு வாங்கி எரித்தது. 1774இல் துபாரியைப் பற்றி எழுதிய மொராந்து என்பவனுக்கு 32,000 லீவ்ரும் ஓய்வூதியமும் கொடுத்தார்கள். எழுதாமல் இருக்கக் கூலி கிடைக்கிறது என்று தெரிந்தால் எவன்தான் பேனாவை எடுக்கமாட்டான்? அதே ஆண்டு மரி அந்துவானெத்தைப் பற்றிய ஒரு பிரசுரத்தை அழிக்க நாடக ஆசிரியர் பொமார்ஷேயை அனுப்பினார்கள். அவர் லண்டன், ஆம்ஸ்டர்டாம் என்று துரத்திக்கொண்டு வியன்னாவே போய்ச் சேர்ந்தார். இந்த ஆளே எழுதியிருப்பான் என்று சந்தேகப்பட்டு ஆஸ்திரியர்கள் அவரை ஒரு மாதம் காவலில் வைத்தார்கள். பறிமுதல் செய்த சரக்கு பாஸ்டில் சிறையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. 1789இல் கோட்டை விழுந்ததும் அதுவும் விடுதலையானது.

பொன்னிவாசகி

பழையவன் ஐயா, மூச்சு வாங்குகிறது. ஆனாலும் 1785 என்ற என் கேள்விக்கு நீங்கள் இன்னும் வரவில்லை. அட்டிகை வழக்கு என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது, எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் அதை வாங்கினாளா இல்லையா?

புதுவை_பழையவன்

வாங்கவில்லை. பார்த்து, வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவள். கதை இதுதான் அம்மா.

போமெர், பாசான்ஜ் என்று இரண்டு நகை வியாபாரிகள். துபாரிக்கு விற்கலாம் என்று 647 வைரங்களில் ஓர் அட்டிகை செய்தார்கள். பதினைந்தாம் லூயி 1774இல் செத்துப்போனார், அட்டிகை கையோடு நின்றது. விலை 16 லட்சம் லீவ்ர். கடன் வாங்கிச் செய்த நகை. புதிய ராணியிடம் பலமுறை கொண்டுபோனார்கள், அவள் மறுத்தாள்.

இரண்டாவது ஆள் ரோஆன் கர்தினால். பெரிய குலம், பெரும் வருமானம், அதைவிட அதிகக் கடன். வியன்னாவில் தூதராக இருந்தபோது மரியா தெரசாவின் வெறுப்பைச் சம்பாதித்தவர். தாயின் பகை மகளுக்கும் வந்தது. ராணி அவரோடு பேசுவதே இல்லை. அவள் மனம் இரங்கினால் முதல் மந்திரி ஆகிவிடலாம் என்பது அவர் கனவு.

மூன்றாவது ஆள் ழான் லா மோத். பழைய வலுவா ராஜவம்சத்தின் ஒரு வழிதவறிய கிளையில் பிறந்து, சிறுவயதில் பிச்சையெடுத்தவள். தனக்கும் ராணிக்கும் நெருக்கம் என்று ரோஆனிடம் கதை அளந்தாள். கள்ளக் கடிதங்கள் தயாரித்தாள். 1784 ஆகஸ்டில் ஓர் இரவு, வெர்சாய்த் தோட்டத்தில், ராணியின் சாயல் கொண்ட நிக்கோல் என்ற பாரிசுப் பெண்ணுக்கு வெள்ளை மஸ்லின் உடுத்தி நிறுத்தினாள். ஆம், மாதுளை சொன்ன அதே மஸ்லின். இருட்டில் அவள் ஒரு ரோஜாவை நீட்டினாள், கர்தினால் முழங்காலில் விழுந்தார். கதை முடிந்தது. 1785 பிப்ரவரி 1 அன்று ராணிக்காக என்று சொல்லி அட்டிகையைத் தவணையில் வாங்கி, ழானிடம் சேரும்படி கொடுத்துவிட்டார்.

தவணை வரவில்லை. போமெர் நேராக ராணியிடம் போனபோது குட்டு உடைந்தது. அவள் கொதித்தாள். ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள். பூசைக்கு முழு அங்கியோடு வந்து நின்ற கர்தினாலை அத்தனை பிரபுக்கள் முன்னிலையில் கைது செய்தார்கள். ஒப்பந்தத்தில் "பிரான்சின் மரி அந்துவானெத்" என்று கையெழுத்து. ராணிகள் ஞானஸ்நானப் பெயரை மட்டும்தான் எழுதுவார்கள், ரோஆன் குலத்தானுக்கு அதுகூடத் தெரியாதா என்று ராஜா கேட்டாராம்.

இரகசியமாக முடித்திருக்கலாம். ராணியின் மானம் என்று ராஜா பகிரங்க விசாரணைக்கு விட்டார். வக்கீல்களின் வாதுரைகள் அச்சாகி ஆயிரக்கணக்கில் விற்றன. சட்டப்படி வக்கீல் வாதுரைக்குத் தணிக்கை கிடையாது! 1786 மே 31 அன்று தீர்ப்பு: ழானுக்குச் சவுக்கடி, திருடி என்று சூடு, ஆயுள் சிறை. ரோஆன் விடுதலை. பாரிசு தெருவில் இறங்கிக் கர்தினாலை வாழ்த்தியது.

இந்த இடத்தை ஊன்றிப் படியுங்கள். பிரான்சின் ராணி நடுராத்திரியில் தோட்டத்து மறைவில் ஒரு கர்தினாலைச் சந்திப்பாள், கணவருக்குத் தெரியாமல் 16 லட்சத்துக்கு நகை வாங்குவாள் என்று அவர் நம்பினார். அப்படி நம்பியது குற்றமில்லை என்று நாட்டின் பெரிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. துண்டுப் பிரசுரம் எழுதியவனுக்கு இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்? ழான் அடுத்த ஆண்டே சிறையிலிருந்து தப்பி லண்டன் போனாள். 1789இல் நினைவுக் குறிப்பு வெளியிட்டாள், தான் ராணியின் பலியாடு என்று.

சாவடிக்காரன்

நன்றாகவே சொன்னீர்கள், ஒப்புக்கொள்கிறேன். அட்டிகையில் அவள்மேல் தப்பில்லை. ஆனால் பழையவரே, 1786இல் கதையை நிறுத்தினால் அவள் தேவதைதான். 1789க்குப் பிறகு வாருங்கள்.

1791 ஜூனில் மாறுவேடத்தில் ஓடினார்கள், வரேன் என்ற ஊரில் பிடிபட்டார்கள். அதுவாவது உயிருக்குப் பயந்து என்று வைத்துக்கொள்வோம். 1792 ஏப்ரல் 20 அன்று ஆஸ்திரியாவோடு போர். அதற்கு ஒரு மாதம் முன்பே, மார்ச் 26 அன்று, பிரெஞ்சுப் படை எந்த வழியாகத் தாக்கப்போகிறது என்று மந்திரிசபையில் பேசியதை மெர்சிக்குக் கடிதமாக எழுதிவிட்டாள். அந்தக் கடிதம் இருக்கிறது. எந்த நாட்டிலும் இதற்கு ஒரே பெயர். ஆஸ்திரியக்காரி என்று 22 ஆண்டுகளாக ஜனங்கள் சொன்னது அன்றைக்கு உண்மையாயிற்று. இதற்கும் மீன்காரியும் கொழுந்தனுமா காரணம்?

கணக்கப்பிள்ளை

சாவடிக்காரருக்கு இது முழு வரவு. அந்தக் கடிதத்துக்கு நானும் பதில் சொல்லமாட்டேன். மானியமும் மஸ்லினும் வேறு, எதிரிக்குப் படைத்திட்டம் கொடுத்தது வேறு.

மாதுளை

நானும் மறுக்கவில்லை. கடிதம் உண்மை. ஆனால் அது 19ஆம் நூற்றாண்டில்தான் அச்சுக்கு வந்தது. 1793 அக்டோபரில் அவளை விசாரித்தவர்கள் கையில் அது இல்லை. எதை வைத்துக்கொண்டு விசாரித்தார்கள்? 14ஆம் தேதி தொடங்கி 16ஆம் தேதி விடியற்காலையில் முடித்த விசாரணை. சின்ன திரியனோனில் ழான் லா மோத்தைச் சந்தித்தாயா என்று கேட்டார்கள். அண்ணனுக்குக் கோடிகள் அனுப்பினாயா என்று கேட்டார்கள். எட்டு வயது மகனோடு முறைகேடாக நடந்தாள் என்று எபேர் என்ற பத்திரிகைக்காரன் சாட்சி சொன்னான். 20 ஆண்டுப் பழைய பிரசுரங்கள் அப்படியே குற்றப்பத்திரிகையாக வந்து நின்றன.

அதற்கு அவள் முதலில் வாய் திறக்கவில்லை. ஒரு ஜூரி வற்புறுத்தியதும், ஒரு தாயின் மீது இப்படி ஒரு பழிக்குப் பதில் சொல்ல இயற்கையே மறுக்கிறது, இங்கிருக்கும் தாய்மார்கள் எல்லாரிடமும் முறையிடுகிறேன் என்றாள். பார்வையாளர் வரிசையில் சந்தைப் பெண்கள் இருந்தார்கள். 1775இல் பிள்ளை எங்கே என்று கேட்ட இனம், 1789 அக்டோபரில் மழையில் நனைந்துகொண்டு ரொட்டி கேட்டு வெர்சாய்க்கு நடந்துபோன இனம். அவர்களிடையே ஒரு சலசலப்பு எழுந்ததாகச் சொல்கிறார்கள். 16ஆம் தேதி நண்பகலில் தலை விழுந்தது. ஐந்து மாதம் கழித்து, 1794 மார்ச்சில், எபேரின் தலையும்.

சாவடிக்காரரே, அவளைத் தேவதை ஆக்கவேண்டும் என்பது என் ஆசை இல்லை. 14 வயதிலிருந்து அந்நியக்காரி என்றே ஒதுக்கப்பட்டவள், கடைசியில் யாரை நம்பிக் கடிதம் எழுதுவாள் என்று எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, அவ்வளவுதான்.

சாவடிக்காரன்

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை சகோதரி. எல்லையில் செத்த சிப்பாயிடமும் இருக்காது.

பொன்னிவாசகி

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு மகளிடம் எனக்குப் புரிந்தவரை சொன்னேன். வந்தவாசி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடைசியில் அவள் கேட்டது ராணியைப் பற்றியே இல்லை. "அந்த 647 வைரமும் எங்கே போயிற்று?" என்கிறாள்.

புதுவை_பழையவன்

அட்டிகை யார் கழுத்திலும் ஏறவில்லை என்று குழந்தையிடம் சொல்லுங்கள். ழான் வீட்டிலேயே கற்களைப் பிய்த்தெடுத்துவிட்டார்கள். அவள் புருஷன் பெரும்பகுதியை லண்டனுக்குக் கொண்டுபோய் விற்றான். கள்ளக் கையெழுத்துப் போட்ட வில்லெத் என்பவன் பாரிசிலேயே சில கற்களை விற்கப் பார்த்தான். இவ்வளவு மலிவாகக் கொடுக்கிறானே என்று வியாபாரிகளுக்குச் சந்தேகம் வந்து, விஷயம் போலீசுக்கும் போயிற்று. வைரம் காணவில்லை என்று ஊரில் யாரும் புகார் கொடுத்திருக்கவில்லை. அதனால் அவனை விட்டுவிட்டார்கள்.